பூனைக்கு வீட்டில் இன்சுலின்: டோஸை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று கால்நடை மருத்துவர் உறுதி செய்து, காலை ஒன்று மாலை ஒன்று என்று இன்சுலின் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். முதல் சில நாள் ஊசி போடப் பழகுவதிலேயே போய்விடும். அதன் பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். அவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: டோஸைக் குறைக்கத் தயங்காதீர்கள், கூட்ட அவசரப்படாதீர்கள். ஏறிய சர்க்கரை பூனையை மெதுவாகக் கெடுக்கும். இறங்கிய சர்க்கரை ஒரே மதியத்தில் கொன்றுவிடும். இங்குள்ள சர்க்கரை அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கில்.

டாக்டர்தான் டோஸ் சொல்லிவிட்டாரே, அப்புறம் ஏன் மாற்ற வேண்டும்?

முதலில் சொல்லும் டோஸ் ஒரு தொடக்கம் மட்டும்தான். எடையில் கிலோவுக்குக் கால் யூனிட் என்ற கணக்கில், நான்கைந்து கிலோ பூனைக்கு வேளைக்கு 1 யூனிட் என்று ஆரம்பிப்பது வழக்கம். அந்தப் பூனையின் உடம்புக்கு அது போதுமா, அதிகமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். தேவையும் ஒரே இடத்தில் நிற்காது. எடை குறைந்தால், உணவு மாறினால், சொத்தைப் பல்லைப் பிடுங்கினால், இன்சுலின் தேவை இறங்கும்.

இன்னொன்று. பூனைகளுக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் கொண்டுபோய், நாய் குரைக்கும் அறையில் அரைமணி நேரம் உட்கார வைத்து எடுத்த அளவு 350 என்று வந்தால், அதில் எவ்வளவு நோய், எவ்வளவு பயம் என்று யாராலும் பிரிக்க முடியாது. வீட்டில் அதன் பழகிய மூலையில் எடுக்கும் அளவுக்கு அதனால்தான் மதிப்பு அதிகம். நீங்கள் அளந்து எழுதுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், மாற்றத்தை அவரோடு பேசி முடிவெடுங்கள். சில மாதம் போனால் பெரும்பாலான டாக்டர்கள் ‘இந்த எல்லைக்குள் நீங்களே அரை யூனிட் மாற்றிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவார்கள்.

மருந்துக் கடையில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் கொடுக்கிறார்கள். எதை வாங்குவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

நம் ஊரில் மனிதர்களுக்கான இன்சுலின் பாட்டில்கள் பல யூ-40 வகை. அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பூனைகளுக்கு அதிகம் எழுதப்படும் கிளார்ஜின் என்ற இன்சுலின் யூ-100 வகை, ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. கடையில் ‘இன்சுலின் சிரிஞ்ச்’ என்று மட்டும் கேட்டால் சிவப்பு மூடி கைக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். அந்தச் சிரிஞ்சில் கிளார்ஜினை 1 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 1 யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். நான்கு கிலோ பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. தலைகீழாகவும் நடக்கும்: விலங்குகளுக்கென்றே வரும் கேனின்சுலின் யூ-40. அதை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 1 கோடு வரை எடுத்தால் 0.4 யூனிட்தான் போகும். வாரக்கணக்கில் சர்க்கரை இறங்காது, டோஸ் போதவில்லை என்று எல்லோரும் நினைப்பார்கள்.

ஆகவே கடைக்குப் போகும்போது மருந்தின் அட்டைப்பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கிளார்ஜினுக்கு 0.3 மில்லி அளவில் அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்ச் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். பூனைக்கு அரை யூனிட் என்பது பெரிய அளவு. கண் திட்டத்தில் எடுக்கக் கூடாது. டூஜியோ என்ற பெயரில் யூ-300 கிளார்ஜினும் விற்கிறது. அந்தப் பேனாவிலிருந்து சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி எடுக்கவே கூடாது, மும்மடங்கு போய்விடும்.

தாத்தாவுக்கு வாங்கி வைத்த 30/70 இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அவசரத்துக்கு அதைப் போடலாமா?

வேண்டாம். 30/70 என்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் 30 பங்கும், நடுத்தர இன்சுலின் 70 பங்கும் கலந்தது. பூனை உடம்பில் அது சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிட்டு, அடுத்த ஊசிக்கு வெகு நேரம் முன்பே தீர்ந்தும் போகும். கைவசம் மருந்து தீர்ந்துவிட்டால் ஒரு வேளை போடாமல் இருப்பதே மேல். தாத்தாவின் மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் இதே பதில்.

வீட்டில் சர்க்கரை எப்படிப் பார்ப்பது? பூனை கடிக்காதா?

காது மடலின் வெளி ஓரத்தில் மெல்லிய இரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. டார்ச் வெளிச்சத்தைக் காதுக்குப் பின்னால் காட்டினால் சிவப்புக் கோடாகத் தெரியும். அதற்கும் மடலின் விளிம்புக்கும் நடுவே உள்ள இடத்தில் குத்த வேண்டும். முதலில் காதைச் சூடாக்குங்கள்: ஒரு சின்னத் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அரை நிமிடம் காதோடு வைத்தால் போதும். குளிர்ந்த காதில் எத்தனை முறை குத்தினாலும் இரத்தம் வராது. மடலுக்கு அடியில் மடித்த பஞ்சை வைத்து லான்செட்டால் குத்துங்கள். கடுகளவு துளி எழும்பும். குளுக்கோமீட்டரில் செருகிய ஸ்ட்ரிப்பின் நுனியைத் துளியில் தொட்டாலே அது இழுத்துக்கொள்ளும். பிறகு அந்த இடத்தைப் பஞ்சால் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் நீலம் கட்டாது. உடனே அவித்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். சில நாள் இப்படிச் செய்தால், குளுக்கோமீட்டர் டப்பாவின் சத்தம் கேட்டதும் தானே வந்து உட்காரும் பூனைகள் உண்டு.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். மனித இரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பகுதி சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனை இரத்தத்தில் பெரும்பகுதி பிளாஸ்மாவில் இருக்கிறது. மீட்டரின் கணக்கு மனித இரத்தத்துக்குப் போட்டது. ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்கு மீட்டர்கள் இதைச் சரிசெய்தவை, ஸ்ட்ரிப் விலைதான் கடிக்கும். மனித மீட்டரை வைத்துக்கொண்டும் சமாளிக்கலாம். ஆனால் எப்போதும் ஒரே மீட்டர் என்று இருங்கள், எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். காலை ஒன்றிலும் மாலை இன்னொன்றிலும் பார்த்தால் அந்தக் குறிப்பால் பயனில்லை.

மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சரைப் பூனைக்கும் ஒட்டுகிறார்கள். முடியைச் சிரைத்து, மருத்துவமனையில் ஒட்டிக்கொண்டு வரலாம். 14 நாள் கணக்கு, பூனைகளில் அதற்கு முன்பே கழன்றுவிடுவது சகஜம். இரவு முழுக்க சர்க்கரை எப்படிப் போகிறது என்று காதில் குத்தாமலே தெரிவது பெரிய வரம். ஆனால் சென்சர் தாழ்ந்த எண் காட்டினால் காதில் ஒரு துளி எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் 360 காட்டுகிறது. டோஸைக் கூட்டலாமா?

அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஊசிக்கு முந்தைய நேரம் என்பது போன ஊசியின் வேலை முடிந்துபோன நேரம். அப்போது சர்க்கரை ஏறித்தான் இருக்கும். நமக்குத் தெரிய வேண்டியது, இரண்டு ஊசிக்கு நடுவே எவ்வளவு கீழே போகிறது என்பது. அதைக் கண்டுபிடிக்க ஒரு விடுமுறை நாளை ஒதுக்கி, காலை ஊசிக்கு முன் ஒரு முறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, மாலை ஊசி வரை பாருங்கள். ஏழு அளவுகள் கிடைக்கும்.

360, 290, 190, 120, 150, 240, 340 என்று வந்தால் டோஸைத் தொடவே கூடாது. அடிமட்டம் 120, அருமையான இடம். காலை 360-ஐப் பார்த்துக் கூட்டினால் நடுப்பகலில் 60-க்குக் கீழே தள்ளிவிடுவீர்கள். 360, 340, 310, 290, 300, 330, 350 என்று வந்தால் மருந்து போதவில்லை, அரை யூனிட் கூட்டுவதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். 360, 210, 70, 95, 230, 320, 380 என்று போனால் காலை எண் அதேதான், ஆனால் செய்ய வேண்டியது டோஸைக் குறைப்பது. சர்க்கரை ரொம்பத் தாழ்ந்தால் அட்ரினலின், குளூககான், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் எல்லாம் சுரந்து சர்க்கரையை ஏற்றிவிடும். அதனாலும் அடுத்த எண் உயரமாக நிற்கும்.

மூன்று பூனைக்கும் காலையில் 360. இதனால்தான் ‘எங்கள் பூனைக்கு இவ்வளவு காட்டுகிறது, எவ்வளவு போடுவது?’ என்று ஒற்றை எண்ணோடு கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

சரி, எவ்வளவு மாற்றுவது? எத்தனை நாள் காத்திருப்பது?

பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவுகள் இவை. அடிமட்டம் 80-க்கும் 150-க்கும் நடுவே இருந்தால் அப்படியே விடுங்கள். 150-க்கு மேலேயே நின்று, பூனையும் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு இளைத்துக்கொண்டே போனால், வேளைக்கு அரை யூனிட் கூட்டலாம், அதற்கு மேல் கூடாது. 80-க்குக் கீழே இறங்கினால் அடுத்த ஊசியிலிருந்தே அரை யூனிட் குறைக்க வேண்டும். தள்ளாட்டம், வலிப்பு போன்ற அறிகுறியோடு இறங்கியிருந்தால் டோஸைப் பாதியாகக் குறைக்கச் சொல்வது வழக்கம்.

ஒருமுறை கூட்டினால் ஐந்திலிருந்து ஏழு நாள் வரை அதே டோஸில் இருங்கள். கிளார்ஜின் தோலுக்கடியில் தேங்கி மெதுவாகக் கரைகிற மருந்து. முதல் இரண்டு நாளில் தெரிவது அதன் முழு வேலை அல்ல. மூன்றாம் நாளே ‘இறங்கவில்லையே’ என்று மறுபடி கூட்டுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். உணவையும் டோஸையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

ஊசி நேரத்தில் 110 காட்டுகிறது. போடலாமா, விடலாமா?

ஆரம்ப வாரங்களில், ஊசிக்கு முன் 200-க்குக் கீழே இருந்தால் அப்படியே போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டைத் தள்ளிவைத்து, அரைமணி கழித்து மறுபடி பாருங்கள். ஏறிக்கொண்டே போய் 200-ஐத் தாண்டினால் ஊசியும் உணவும் கொடுக்கலாம். ஏறவில்லை என்றால் அந்த வேளை ஊசி வேண்டாம், சாப்பாடு மட்டும் போடுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒரு வேளை ஊசி தவறியதால் எந்தப் பூனைக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. போகப்போக, உங்கள் பூனையின் போக்கு குறிப்பேட்டில் தெளிவாகத் தெரிந்த பிறகு, இந்த 200 என்ற எல்லையை டாக்டர் இறக்கித் தருவார். அடிக்கடி இப்படித் தாழ்ந்தே இருந்தால் நல்ல செய்தி: தேவை குறைகிறது, டோஸைக் குறைக்க வேண்டும்.

சாப்பிடவில்லை. ஊசி போடலாமா?

பாதிதான் சாப்பிட்டது என்றால் பாதி டோஸ் போடச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. ஒன்றுமே சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது என்றால் ஊசியை நிறுத்தி, சர்க்கரை அளவைப் பார்த்து, டாக்டரிடம் பேசுங்கள். ‘ஊசியும் போடவில்லை, சாப்பிடவும் இல்லை, தூங்கட்டும்’ என்று இரண்டு நாள் விட்டுவிடக் கூடாது. இன்சுலினும் உணவும் இல்லாத சர்க்கரைப் பூனையின் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் சேர்ந்து, இரத்தம் அமிலமாகும். சோர்ந்து கிடக்கும், வாந்தி எடுக்கும், வாயில் நகப்பூச்சு நீக்கியின் வாடை அடிக்கும். சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். அது நிறம் மாறினால் அன்றே மருத்துவமனை, நடுராத்திரியானாலும்.

சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? என்ன செய்ய வேண்டும்?

திடீரென்று சாப்பாட்டுக்கு அலறும், அல்லது கூப்பிட்டால் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கால் பின்னும், நடை தள்ளாடும், தலை ஆடும். அதற்கு அடுத்தது வலிப்பும் மயக்கமும். 60-க்குக் கீழே என்றால் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவசரம்தான். அளக்க நேரமில்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றால் தாழ்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

விழுங்க முடிகிறது என்றால் வழக்கமான உணவை உடனே வையுங்கள், அதன் மேல் கொஞ்சம் தேன் ஊற்றுங்கள். சாப்பிடவில்லை என்றால் தேனையோ, குளுக்கோஸ் பொடியைச் சில சொட்டு நீரில் குழைத்தோ, விரலால் ஈறில் தடவுங்கள். வலிப்பில் இருக்கும்போது வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். விரலைப் பற்களுக்கு நடுவே விடவும் கூடாது. உதட்டை ஓரமாகத் தூக்கி ஈறில் தடவினால் போதும். தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பூனை எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று வழியில் திரும்பிவிடாதீர்கள். தேன் அரைமணியில் தீரும், இன்சுலின் மணிக்கணக்கில் வேலை செய்யும், மறுபடி இறங்கும். அடுத்த ஊசியை டாக்டரிடம் பேசாமல் போடாதீர்கள்.

தேன் பாட்டிலை ஃபிரிட்ஜ் கதவிலேயே வையுங்கள், இன்சுலினுக்குப் பக்கத்தில். பூனையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும், வீட்டு வேலைக்கு வரும் அக்கா உட்பட, அது எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஊசி உள்ளே போனதா, முடியில் போனதா என்றே தெரியவில்லை. இன்னொன்று போடலாமா?

போடக் கூடாது. முடி ஈரமாக இருந்தாலும், மருந்து வாடை அடித்தாலும், எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வேளை வழக்கமான டோஸ். வீட்டில் இரண்டு பேர் ஊசி போடுகிறீர்கள் என்றால் காலண்டரில் டிக் அடிக்கும் பழக்கம் வேண்டும். தோளுக்கு நடுவே ஒரே இடத்தில் போடாமல் விலாவின் இரு பக்கமும் மாற்றி மாற்றிப் போடுங்கள்; அங்கே தோலைக் கூடாரமாகத் தூக்கினால் ஊசி நுழைவது விரலுக்கே தெரியும்.

பால் சோறும் கருவாடும்தான் சாப்பிடும். உணவை மாற்றினால் டோஸும் மாறுமா?

மாறும், நீங்கள் நினைப்பதைவிட வேகமாக. பூனை மாமிசப் பிராணி. சோறும் பாலும் பிஸ்கட்டும் அதன் சர்க்கரையை ஏற்றும்; கடையில் வாங்கும் உலர் தீவனத்திலும் மாவுச்சத்து நிறைய. மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாறும்போது இன்சுலின் தேவை சில நாளிலேயே இறங்கிவிடும், பழைய டோஸ் அதிகமாகிவிடும். அதனால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், அந்த நாட்களில் தினமும் அளந்து பாருங்கள். அளக்க முடியாத வாரத்தில் உணவை மாற்றவே வேண்டாம்.

மாற்றினால் கிடைக்கும் பலன் பெரியது. பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் போன்றது. கணையத்துக்கு ஓய்வு கிடைத்தால் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்ப முடியும். கிளார்ஜின், மாவுச்சத்து குறைந்த உணவு, வீட்டிலேயே அளந்து டோஸ் மாற்றுவது என்று 55 பூனைகளை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ஆய்வில், நோய் கண்டுபிடித்த ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் 84 சதவீதம் இன்சுலின் தேவையில்லாத நிலையை எட்டின. ஆறு மாதம் தாண்டி வந்தவற்றில் 35 சதவீதம்தான். நேரத்தைக் கடத்தாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

கூட்டிக்கொண்டே போகிறோம், சர்க்கரை இறங்கவே இல்லை. ஏன்?

முதலில் மருந்தைச் சந்தேகியுங்கள். வெயிலில் வந்த கூரியர், உறைநிலைப் பெட்டியை ஒட்டி வைத்த பாட்டில், மாதக்கணக்காகத் திறந்து கிடப்பது, எல்லாம் இன்சுலினைக் கெடுக்கும். கிளார்ஜின் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் குப்பைக்குத்தான். அடுத்தது சிரிஞ்ச், மேலே சொன்ன விஷயம். அதற்கும் அடுத்தது பூனையின் உடம்பு: அழுகிய பல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, தைராய்டு. அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ போட்ட ஸ்டீராய்டு ஊசி வாரக்கணக்கில் இன்சுலினை எதிர்க்கும்; டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிலோவுக்கு ஒன்றரை யூனிட் தாண்டியும் அசையவில்லை, பூனை இளைக்காமல் எடை கூடுகிறது, முகமும் பாதமும் பருக்கிறது என்றால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் அக்ரோமெகலி இருக்கலாம். இரத்தத்தில் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தால் தெரியும்.

ஊசியே வேண்டாம், வாய்வழி மருந்து வந்துவிட்டதாமே?

வந்திருக்கிறது. அமெரிக்காவில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022-லும், வெலாகிளிஃப்ளோசின் திரவத்துக்கு 2023-லும் பூனைகளுக்கென்றே அனுமதி கிடைத்தது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் இவை. அங்கே அனுமதி கொடுத்தது, அதுவரை இன்சுலின் போடாத பூனைகளுக்கு. இன்சுலினில் இருக்கும் பூனைக்கு இதை மாற்றிக் கொடுத்தால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் ஏறும் ஆபத்து உண்டு. மனிதர்களுக்கு விற்கும் இதே இன மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? எப்போது நிறுத்துவது?

மீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தை அளந்து நிரப்புங்கள், குடிப்பது குறையும். மண் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் சிறுக்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நோய் முற்றிய பூனை பின்னங்காலைக் குதிகால் வரை தரையில் பதித்து, முயல் உட்காருவது போல நடக்கும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சில மாதங்களில் குதிகால் மெல்ல எழும்பி, மறுபடி விரல் நுனியில் நடக்கும். மேசை மேல் தாவுகிறதா என்று பாருங்கள்.

நிறுத்துவதும் படிப்படியாகத்தான். அரை அரை யூனிட்டாகக் குறைத்துக்கொண்டு வந்து, அரை யூனிட்டிலும் நாள் முழுக்க அளவு சாதாரணமாக நின்றால், டாக்டரைக் கேட்டு நிறுத்தலாம். இரண்டு வாரம் இன்சுலின் இல்லாமல் தாக்குப்பிடித்தால் நோய் அடங்கியது என்று கொள்ளலாம். அதன் பிறகும் பழைய சோற்றுக்குத் திரும்பக் கூடாது, வாரம் ஒருமுறை காதில் ஒரு துளி பார்க்க வேண்டும். பூனையின் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ‘ஸ்டீராய்டு வேண்டாம், சர்க்கரை இருந்த பூனை’ என்று எழுதி வையுங்கள்; வேறொரு டாக்டரிடம் போகும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.